உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சின்

எங்கள் லாரி மேடு ஏறாது. புரோத்ராபூரிலிருந்து போர்ட் பிளேயருக்குப் போகும் வழியில் ஒரு மேடு உண்டு. அதன் அடிவாரத்தில் கியர் மாற்ற என் வீட்டுக்காரர் வேகத்தைக் குறைத்ததும், பின்னால் இருப்பவர்கள் யாரும் சொல்லாமலே குதித்துவிடுவார்கள். கத்திரிக்காய் மூட்டைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் மட்டும் வண்டியில் போகும். வங்காளிகள், தெலுங்கர்கள், நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டே நடந்து, உச்சியில் மறுபடி ஏறிக்கொள்வோம். நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியவர்கூட இரண்டாவது பயணத்தில் குதிக்கக் கற்றுவிடுவார். யாரும் இதற்காகக் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

அறுபதுகளில் ஒரு வருடம், அந்தத் தடத்தில் ஓட முறைப்படி பெர்மிட் வேண்டும் என்றார்கள். அதிகாரி முன்னால் முழு லோடோடு, ஆட்களோடு, நிற்காமல் மேடு ஏறிக் காட்ட வேண்டும். தவறினால் வண்டி ஓடக்கூடாது. வண்டி ஓடாவிட்டால் எங்களுக்கு அங்கே வேலை இல்லை. மெயின்லேண்டில் மளிகைக் கடை வைத்திருந்த என் கொழுந்தனார், கப்பல் ஏறி வந்துவிடுங்கள் என்று ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்.

எனக்குத் திரும்பிப் போக விருப்பமே இல்லை. மாமியார் வீட்டில் கொல்லைப்புறம் போவதற்கும் காரணம் சொல்ல வேண்டும். இங்கே நான் போட்ட தோட்டத்துக் காயை நானே மூட்டை கட்டி, நானே சந்தையில் விற்றேன். அந்த வாழ்க்கை ஒரு மேட்டில் மாட்டிக்கொண்டு நின்றதை நினைத்தால் ஆத்திரமாக வந்தது.

போர்ட் பிளேயரில் படகு எஞ்சின் பார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கிருந்த மிஸ்திரி, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே தீவில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்காரர். தமிழும் இந்தியும் அவர் வாயில் ஒரே குழம்பாகத்தான் வரும்.

"வயிறு சோட்டா, தங்கச்சி. அதான் ஏற மாட்டேங்குது. பெரிசாக்க ரெண்டு ராஸ்தா இருக்கு. அகலமாக்கலாம், இல்லைன்னா பிஸ்டன் ஓடுற தூரத்தைக் கூட்டலாம்" என்றார்.

முறுக்கு உரலை நினைத்துக்கொண்டேன், புரிந்துவிட்டது. உரலின் வாய் அகலமானால் கூடுதல் மாவு பிடிக்கும். அழுத்துகிற கட்டை இன்னும் நீளமாக ஓடினாலும் கூடுதல் மாவு பிடிக்கும். எஞ்சினில் மாவுக்குப் பதில் பெட்ரோல் ஆவியும் காற்றும், அவ்வளவுதான். இவ்வளவு எளிய விஷயத்தை என் வீட்டுக்காரர் இத்தனை வருடமாக ஏதோ மந்திரம்போல வைத்திருந்தார்.

சந்தை முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போய் நின்றுவிடுவேன்.

"உனக்கு இங்க என்ன சோலி?" என்பார் என் வீட்டுக்காரர்.

"மேட்டுல நடக்குற காலு என்னோடது. நான் பார்க்கக் கூடாதா?" என்பேன்.

முதலில் அகலமாக்கத் தொடங்கினார்கள். லாரி போர்க்காலத்துப் பழசு; எஞ்சினைக் கழற்றி, வெறும் இரும்புக் கட்டையாக மேசைமேல் ஏற்றினார்கள். அதன் துளைக்குள் ஒரு கம்பி மெல்லச் சுழன்று இறங்கியது. அதன் முனையிலிருந்த கத்தி சுவரைச் சீவச் சீவ, கறுப்பு ரவையாக இரும்பு உதிர்ந்தது. முடிந்தபோது துளையின் சுவரில் என் மூக்குத்தி தெரிந்தது. ரேடியேட்டர் தண்ணீர் அந்தச் சுவருக்குப் பின்பக்கம்தான் ஓடும். கசிகிறதா என்று பார்க்க, அந்த இடத்தில் மிஸ்திரி நல்ல தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

நான் மட்டும் அங்கேயே நின்றேன். பளபளத்த சுவரில் வேர்வைபோல ஒரு துளி. துணியால் துடைத்தேன். மறுபடி வந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

"அண்ணே, இது உப்பு" என்று கத்தினேன்.

மிஸ்திரி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. எங்கள் பக்கத்தில் கோடையில் கிணறு அடிமண்ணைக் காட்டிவிடும். இருக்கிற நல்ல தண்ணீர் குடிக்கவும் உலை வைக்கவும்தான். மனிதர் குடிக்கிற தண்ணீரை லாரிக்குக் கேட்டால் ஊரே சிரிக்கும். அதனால் வண்டி வைத்திருந்த எல்லாரும் உப்பங்கழியில் ஒரு வாளி மொண்டு ரேடியேட்டரில் ஊற்றினார்கள். ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. தீவைச் சுற்றித் தண்ணீராக இருக்க, அதை எடுத்து ஊற்றாமல் என்ன செய்வது?

"நாம உள்ள இருந்து சீவுறோம். சமுந்தர் வெளிய இருந்து தின்னுருக்கு. நடுவுல காகிதம் மாதிரிதான் மிச்சம்" என்றார் மிஸ்திரி.

தீவில் அந்த மாதிரி இன்னொரு கட்டை கிடையாது. என் வீட்டுக்காரர் வெளியே போய் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கொழுந்தனாரின் கடைக் கல்லாப்பெட்டி கண்ணுக்குள் வந்து நின்றது.

ஆனால் மிஸ்திரிக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. ஓட்டை விழுந்த துளையோடு மற்ற துளைகளையும் இன்னும் சீவி, செத்துப்போன படகு எஞ்சினிலிருந்து எடுத்த இரும்புக் குழாய்களைக் கடைந்து உள்ளே இறுக்கி இறக்கினார். ஓட்டை அடைபட்டது. அகலமோ பழையபடியே ஆகிவிட்டது. சாண் ஏறி முழம் சறுக்கிய கதைதான்.

"ஒரு ராஸ்தா பந்த். இன்னொண்ணு இருக்குல்ல?" என்றார்.

அதே கம்பெனியின் பெரிய எஞ்சின் ஒன்று பட்டறைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. அதன் கட்டை பிளந்துபோயிருந்தாலும், பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் நன்றாக இருந்தது. அந்தக் கிராங்கின் முழங்கை எங்களுடையதைவிட நீளம். அது பிஸ்டனைக் கூடுதல் ஆழத்துக்கு இறக்கும், கூடுதல் உயரத்துக்கு ஏற்றும். உயரம் கூடினால் மேல்மூடியில் இடிக்காதா என்று கேட்டேன். அதற்காகப் பெரிய எஞ்சினின் குட்டை பிஸ்டன்களையே போட்டார்கள்; அகலம் இரண்டுக்கும் ஒன்றுதான். கீழே கட்டையில் உரசிய இடங்களை என் வீட்டுக்காரர் அரத்தால் ராவினார்.

இடிக்கிறதா இல்லையா என்று மூடிய பிறகு எப்படித் தெரியும்? மிஸ்திரி என்னைப் பார்த்து, "தங்கச்சி, சப்பாத்தி மாவு கொண்டா" என்றார். ரேஷன் கோதுமையைப் பிசைந்து எடுத்துப் போனேன். பிஸ்டன் தலையில் மாவை அப்பி, மூடியை மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திறந்தார். நசுங்கிய மாவைக் கத்தியால் வெட்டி, அதன் கனத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மாவு எந்த இடத்திலும் அறுந்திருக்கவில்லை. நான் சுட்ட எந்தச் சப்பாத்தியையும் யாரும் அவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை.

சோதனை நாள் வந்தது. அதிகாரி முன்னால் உட்கார்ந்தார். பின்னால் மூட்டைகளும் நாங்களும். அடிவாரத்தில் வண்டி வேகம் குறைத்துக் கியர் மாற்றியது. அடுத்த நொடி எல்லாரும் தரையில் நின்றோம். நானும்தான். பழக்க தோஷம், என்ன செய்ய? லாரி எங்களை விட்டுவிட்டு விறுவிறுவென்று உச்சிக்குப் போய்விட்டது.

அதிகாரி சந்தோஷமாக இறங்குவதை நாங்கள் கீழிருந்து பார்த்தோம். என் வீட்டுக்காரர் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். பேசாமல் இருந்திருந்தால் பெர்மிட் கைக்கு வந்திருக்கும். அவர் அதிகாரியிடம் ஏதோ சொல்லிவிட்டு, லாரியைத் திருப்பிக்கொண்டு கீழே வந்தார். எனக்கு அழுகையும் பெருமையும் சேர்ந்து வந்தன.

"ஒருத்தரும் இறங்கக் கூடாது. சப் பைட்டே ரஹோ" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

இரண்டாம் முறை எல்லாரும் மூட்டைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பாதி மேட்டில் எஞ்சின் குரல் தடித்தது, வண்டி நடை வேகத்துக்கு வந்தது. பக்கத்தில் இருந்த வங்காளிப் பெரியவருக்கு மனசு கேட்கவில்லை. வண்டிமேல் இரக்கப்பட்டு, பின்பலகைக்கு மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். "பைட்டோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அதிகாரியே திரும்பிப் பார்த்தாராம். வண்டி முனகிக்கொண்டே, நிற்காமல், எங்கள் எல்லாரையும் சுமந்து உச்சிக்கு வந்தது. அதிகாரி பானெட்டைத் தட்டி, "டீக் ஹை" என்றார். பெர்மிட் கைக்கு வந்தது.

சாயங்காலம் வீடு திரும்பியதும் என் வீட்டுக்காரர் வாசலில் நின்றபடி கேட்டார்: "இந்தா புள்ள, தம்பிக்கு என்ன சொல்லி அனுப்ப?"

"அது கிடக்கட்டும். முதல்ல வண்டிக்குன்னு தனியா ஒரு டிரம் வாங்குங்க. மழை நிக்கிறதுக்குள்ள நிரப்பி வச்சாத்தான் கோடைக்கு ஆகும்" என்றேன்.