சீர்த்தட்டு மஞ்சள் குடித்த கார்

அந்தக் கார் என்னுடையது. பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கணக்குப் பாடம் நடத்திச் சேர்த்த காசில், செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஆர்.சி. புக்கில் என் பெயரை ஏற்றி, நானே ஓட்டுகிற கார். என் கணவருக்கு சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்ட வராது. ஆனாலும் கோச்சடையில் எங்கள் தெரு முழுக்க அது ‘அவுக காரு’. என் மாமியாருக்கு ‘எம்மகன் காரு’. ஒர்க்‌ஷாப்பில் நான் கேள்வி கேட்டால், மெக்கானிக் பதிலை என் கணவரிடம் சொல்வார். “ஆயில் மாத்தணும்ணே.” அவர் திரும்பி அதை என்னிடம் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன சித்திரையில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து, கீழக்குயில்குடி கோயிலில். பத்தரைக்குள் நல்ல நேரம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளை காது குத்திக்கொள்ள வேண்டும். அந்தத் தாய்மாமன் என் பக்கத்து சீட்டில் பட்டு வேட்டியோடு இருந்தார். பின்னால் என் மாமியாரும் பதினொரு சீர்த்தட்டும். சீர் ஒற்றைப்படையில்தான் போக வேண்டும் என்று மூன்று தடவை எண்ணி அடுக்கியிருந்தார். மஞ்சள் தூளைக் கூம்பாகக் குவித்த தட்டை மட்டும் யாரையும் நம்பாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

நாலு நாளுக்கு முன்பே அவர் வாசலில் நின்று சொன்னார்: “ஏத்தா, எம்மகன் காரு ஒழுகுது பாரு.”

“அது ஏசித் தண்ணி அத்தே” என்றேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. காரைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்ற திமிர்தான்.

காளவாசல் நெரிசலிலேயே சூட்டு முள் மேலே ஏறத் தொடங்கியது. ஏசியை அணைத்து, எஞ்சின் சூட்டை இழுக்கட்டும் என்று ஹீட்டரைப் போட்டேன். சித்திரை வெயிலில் ஹீட்டர்! என் கணவரின் சட்டை பிழிந்த துணி போலாகிவிட்டது. நாகமலைப் புதுக்கோட்டை தாண்டியதும் பானெட்டிலிருந்து புகை. ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினேன்.

போன் அடித்தது. நாத்தனாரின் மாமனார், எங்கள் சம்பந்தி. “மாப்ள, எங்க வண்டிய அனுப்பவா?”

என் கணவர் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. “வேணாம்னு சொல்லுடா. நம்ம சீரு அவுக வண்டியில போய் எறங்குனா, காலத்துக்கும் சொல்லிக் காமிப்பாக.”

இறங்கி ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கப் போன கணவரைத் தடுத்தேன். திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில்தான் அடிக்கும். அவரைப் பக்கத்து டீக்கடைக்குத் தண்ணீர் வாங்க அனுப்பினேன். இருபது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, துண்டை நனைத்துப் போட்டு மெல்லத் திறந்தேன். தண்ணீர் ஊற்ற ஊற்ற, ரேடியேட்டரின் அடியில் நூல் போல ஒழுகியது. ஏசித் தண்ணியாம்!

ஒர்க்‌ஷாப்பில் ஒரு லாரி டிரைவர் சொல்லக் கேட்டிருந்தேன், சின்ன ஓட்டையை மஞ்சள் தூள் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கும் என்று. நான் திரும்பிப் பார்த்தேன். மாமியார் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“சீரு மஞ்சளத்தா இது.”

“தெரியும் அத்தே.”

“இத எடுத்தா பத்துத் தட்டாயிரும்.”

“கோயிலுக்கே போகலைன்னா ஒரு தட்டும் இல்ல அத்தே.”

என்னை உற்றுப் பார்த்தார். “அன்னைக்கே ஒழுகுதுன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீக. நீங்க சொன்னதுதான் சரி. நாந்தேன் பாக்கல.”

தட்டை நீட்டிவிட்டார். கை கையாக அள்ளித் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். எஞ்சினைப் போட்டதும் அடியில் மஞ்சளாகக் கொட்டியது. பிறகு சொட்டியது. பிறகு எப்போதாவது ஒரு சொட்டு. முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல், இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, மலையடிவாரத்தில் கொண்டுபோய் நிறுத்தியபோது மணி பத்து இருபது. புடவை, முழங்கை, நெற்றியெல்லாம் மஞ்சள். என்னை நானே தட்டிக்கொடுக்கலாம் போலிருந்தது.

சீரைத் தூக்க உறவுக்காரப் பெண்கள் வந்தார்கள். மாமியார் காலித் தட்டைப் பார்த்தார். சட்டென்று என் கையிலிருந்த கார் சாவியைப் பிடுங்கி அதில் வைத்தார். தலையிலிருந்த மல்லிகையில் ஒரு துண்டு கிள்ளிச் சாவியைச் சுற்றினார். பதினொன்று. அந்தத் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

சம்பந்தியின் கண் அதன் மேல்தான் போனது. சிரித்துக்கொண்டே சத்தமாகவே கேட்டார். “என்னம்மா, மகன் காரையே சீராக் கொண்டு வந்துட்டீகளா?”

மேளம் நின்றிருந்த நேரம். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“காரெல்லாம் தர முடியாது” என்றார் என் மாமியார். “இது எம் மருமக காரு. அவளக் கேக்காம நான் எப்புடித் தர?”