சுதா விட்ட பிழையும் நான் விட்ட பிழையும்

1. முதல் நாள்

ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு வயிறு எரிந்தது. கதவைத் திறந்துவிட்டவள் சுதா. பத்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் இருந்து என் கணக்கைப் பார்த்து எழுதியவள். இப்போது அவளுக்கு நிரந்தர வேலை. எனக்கு ஒரு வருட ஒப்பந்தம், அதிலும் முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். பிடிக்காவிட்டால் அனுப்பிவிடுவார்கள்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவள் இதே கம்பனியில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியில் சேர்ந்தாள். மூன்றரை வருடம் ஆய்வுகூடத்தில் வேலை, இடையிடையே தொழிற்பள்ளி, மாதாமாதம் சம்பளம். முடித்த கையோடு கம்பனியே அவளை எடுத்துக்கொண்டது. நானும் விண்ணப்பிக்கத்தான் இருந்தேன். அப்பா விடவில்லை.

"பதினாறு வயசில கம்பனிக்குப் போறதோ? சனம் என்ன சொல்லும்? பேசாமல் பள்ளிக்கூடத்தில படி."

படித்தேன். மூன்று வருடம் முழுநேரமாகத் தொழிற்பள்ளி, சம்பளம் இல்லை. சுதாவினதை விட நல்ல புள்ளிகள். ஆனால் போட்ட விண்ணப்பமெல்லாம் 'அனுபவம் போதாது' என்று திரும்பி வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்தேன்.

2. காற்றுக் குமிழி

மூன்றாம் கிழமை, பெயின்டுக்காக ஒரு தாங்கி நிறைய இருந்த பிசினின் அமில அளவைப் பார்க்கச் சொன்னார்கள். பள்ளியில் நாங்கள் பியூரெட் என்ற கண்ணாடிக் குழாயைக் கையால் திறந்து, சொட்டுச் சொட்டாக விட்டுச் செய்ததை இங்கே இயந்திரம் செய்தது. சுதா பக்கத்து மேசையில்தான் இருந்தாள். அவளிடம் போய்க் கேட்பதா? கையேட்டைப் பார்த்து நானே செய்தேன்.

அளவு கூடக் காட்டியது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாங்கிப் பிசினைப் பாவிக்காமல் நிறுத்திவிட்டார்கள். சுதா திரும்பச் செய்து பார்த்தாள். பிசினில் ஒரு குறையும் இல்லை.

"மிசினின்ர குழாயில காத்து நிண்டிருக்கு, அதையும் சேர்த்து அளந்திருக்கு. தொடங்க முதல் கழுவி விடோணும்," என்றாள். "கவலைப்படாதை. நானும் முதல் வருசம் ரெண்டு தரம் இதே பிழை விட்டனான்."

அந்த ஆறுதல்தான் என்னை இன்னும் எரித்தது. அதே பிழையை அவள் படிக்கிற காலத்தில், சம்பளத்தோடு விட்டாள். நான் என் வேலையைப் பணயம் வைத்து விட்டேன்.

3. தலைவியின் அறை

அடுத்த நாள் ஆய்வுகூடத் தலைவி கூப்பிட்டார்.

"தெரியாதது பிழையில்லை. பக்கத்தில ஆள் இருக்க ஏன் கேக்கேல்லை?"

"கையேட்டைப் பாத்துச் செய்தனான்," என்றேன்.

"உம்மை அனுப்பத்தான் நினைச்சனான். சுதா மூண்டு மாசம் தன்னோட விடச் சொல்லிக் கேக்கிறா. ஓமோ?"

"ஓம்" என்றேன். என் வேலையைக் காப்பாற்றியவளையே அப்போது எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த ஆய்வுகூடத்துக்கு வந்து இப்போது பதினான்கு வருடம். எனக்கும் நிரந்தர வேலைதான். பிள்ளையைப் பள்ளியில் விடுவதா, கம்பனியில் விடுவதா என்று கேட்கும் பெற்றோருக்கு, "கம்பனியில விடுங்கோ, பிழை விட அங்கதான் இடம் குடுப்பினம்" என்கிறேன். சுதா இப்போது எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர். பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் பழகிக்கொண்டேன்: முதலில் அவளிடம் கேட்டுவிடுகிறேன், பொறாமைப்படுவதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.