ஆளுக்கொரு மணி

அவரை எல்லோரும் தராசு என்றுதான் சொல்வார்கள். எடை அளவுத் துறையில் ஆய்வாளராகச் சேர்ந்து, ஆய்வாளராகவே ஓய்வு பெற்றவர். பதவி உயர்வு இரண்டு முறை தேடி வந்தது. தேடி வந்ததாலேயே அதில் ஏதோ இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

வேலையில் இருந்த காலத்தில் அவர் கடைக்குள் நுழைந்தால் தராசு முள்ளே நிமிர்ந்து நிற்கும் என்று கடைவீதியில் ஒரு பேச்சு உண்டு. சிரித்து வரவேற்கிற கடைக்காரனுக்கு இரண்டு சோதனை, முறைக்கிறவனுக்கு ஒன்று. மனிதன் முறைப்பது இயற்கை, சிரிப்பதற்குத்தான் காரணம் வேண்டும் என்பது அவர் கட்சி. ஓய்வு பெற்ற அன்று அரசாங்கம் அவரிடமிருந்து முத்திரையையும் எடைக்கற்கள் அடங்கிய பெட்டியையும் திருப்பி வாங்கிக்கொண்டது. சந்தேகத்தைக் கேட்டு வாங்க மறந்துவிட்டது.

அதன் பலனை வீடு அனுபவித்தது. சர்க்கரைப் பொட்டலம் எடை போடாமல் டப்பாவுக்குள் போகாது. பால் பாத்திரத்தில் கோடு போட்டு வைத்திருந்தார். சமையலறைக் கடிகாரத்துக்கும் கூடத்துக் கடிகாரத்துக்கும் நடுவே நின்றுகொண்டு, இரண்டில் எது பொய் சொல்கிறது என்று காலை நேரத்தில் விசாரணை நடத்துவார். அவர் மனைவி இதற்கெல்லாம் பழகிப்போனவர். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் இந்த மனுஷன் பலகாரத்தைத் தின்னலை, தட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்வார். அதில் பெருமையும் கொஞ்சம் கலந்திருக்கும்.

ஒரே மகள். அவள் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி வீட்டுக்கு அழைத்து வந்தபோது, தராசு அந்தப் பையனை ஒரு மதியம் முழுக்கக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். அது ஒன்றுதான் அவருக்கு உறுத்தியது. ஆனாலும் மகள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

பையனின் அப்பா பல் டாக்டர். அவருடைய காத்திருப்பு அறையை அனுபவிக்காதவர் அந்த வட்டாரத்தில் இல்லை. பல்வலியோடு போய் உட்கார்ந்து, வலி தானே அடங்கி எழுந்து வந்தவர்கள் உண்டு. இப்படி ஊரையே காக்க வைப்பவருக்கு, தான் காத்திருப்பது மட்டும் ஆகாது. எங்கே போனாலும் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போவார். போனதும் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டியை எடுக்கச் சொல்லிவிடுவார். சொந்தத் தம்பி வீட்டு விசேஷத்திலேயே மேடை தயாராகவில்லை என்று பாதியில் கிளம்பியவர்; அந்த அண்ணன் தம்பி இன்றுவரை கல்யாணப் பத்திரிகை அனுப்புவதோடு சரி. "அங்கிள், ரிசப்ஷன் அன்னிக்கு அப்பாவை மட்டும் உட்கார வச்சுடாதீங்க" என்று மாப்பிள்ளையே வந்து சொல்லிவிட்டுப் போனான். அந்த மனிதர் அன்றைக்கு எழுந்து போனால், மகள் அந்த வீட்டில் அதைக் காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். தராசுக்கு இது ஒன்றில் மட்டும் சந்தேகமே இல்லை.

கல்யாண வரவேற்பை நடத்தித் தர மகள் ஒரு நிறுவனத்தைப் பிடித்தாள். அதை நடத்துகிற பெண்மணி இடுப்பில் வாக்கி-டாக்கியும் காதில் ஒயருமாக வந்தார். தராசு மனசுக்குள் அவருக்கு 'வாக்கி' என்று பெயர் வைத்தார். வாக்கி நன்றாகச் சிரித்தார். முதல் மதிப்பெண் அங்கேயே போயிற்று.

அடுத்தது பேச்சு. லோட்-இன் காலையிலேயே ஆரம்பித்துவிடும் என்றார். கூட்டம் கலைந்ததும் ஸ்ட்ரைக் என்றார். இடையில் எங்கெங்கே பஃபர் வருகிறது, யாருக்கு எது கியூ என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். மகள் தலையாட்டினாள். தராசின் மனைவி, மகள் ஆட்டுகிறாளே என்று தானும் ஆட்டினார். தராசு மட்டும் ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

ஊரறிந்த பெயர் ஒரு பொருளுக்கு இருக்கும்போது வேறு பெயரால் அதை அழைப்பவன் எதையோ மறைக்கிறான் என்பது அவர் தன் தொழிலில் கண்டது. எனவே ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே நிறுத்தி விசாரித்தார். கியூ என்பது ஆரம்பிக்கச் சொல்லிக் கொடுக்கிற சைகை. லோட்-இன் என்பது சாமான்களை மண்டபத்துக்குள் இறக்குவது. ஸ்ட்ரைக் என்பது அதே சாமான்களைப் பிரித்து ஏற்றுவது. "இறக்குறதை இறக்குறதுன்னும் ஏத்துறதை ஏத்துறதுன்னும் சொன்னா உங்க வண்டி ஓடாதா?" என்று கேட்டார். வாக்கி அதற்கும் சிரித்தார். மண்டபத்தில் அலங்காரம் செய்துகொள்ள கிரீன் ரூம் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு நேரில் போய்ப் பார்த்தார். சுவர் மஞ்சளாக இருந்தது. உள்ளே இருப்பது ஒன்று, மேலே ஒட்டியிருப்பது ஒன்று. பதவியில் இருந்திருந்தால் கதவுக்கு அப்போதே சீல் வைத்திருப்பார்.

பஃபர் என்றால் இரண்டு வேலைகளுக்கு நடுவே யாருக்கும் சொல்லாமல் சொருகி வைக்கிற உபரி நேரம். இது மட்டும் அவருக்கு விளக்கம் இல்லாமலே புரிந்தது. தராசுத் தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டுவதை அவர் எத்தனை கடையில் பார்த்திருக்கிறார்.

அழைப்பிதழைப் பார்த்ததும் சந்தேகம் முற்றியது. தேதி இருந்தது, இடம் இருந்தது, நேரம் இருக்க வேண்டிய இடத்தில் 'மாலை' என்று மட்டும் இருந்தது. நேரம் அறிய இந்த எண்ணில் அழைக்கவும் என்று கீழே ஓர் எண். அது வாக்கியின் அலுவலக எண். நிகர எடை அச்சிடாத பொட்டலத்தைக் கையில் வைத்திருப்பதுபோல அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வரவேற்புக்கு முந்தின வாரம், எல்லோருக்கும் 'கால் டைம்' போய்விட்டது என்றார் வாக்கி. அதாவது அவரவர் மண்டபத்தில் வந்து நிற்க வேண்டிய நேரம். தராசுக்கு மூன்று மணி. பேச்சுவாக்கில் சம்பந்தியிடம் போனில் கேட்டார். அவருக்கு ஐந்து மணியாம். பாட்டுக் குழுவைக் கேட்டார். நான்கு. மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வருகிற பெண்ணைக் கேட்டார். மதியம் பன்னிரண்டு.

ஒரே கடையில் நாலு தராசு. இப்படிப்பட்ட கேஸ் தன் சர்வீஸிலேயே கிடைத்ததில்லையே என்று ஒரு கணம் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வாக்கியிடம் நேரே கேட்டிருக்கலாம். ஆனால் சோதனைக்கு வரப்போகிறோம் என்று கடைக்காரனுக்கு முன்கூட்டியே சொல்கிற வழக்கம் அவர் துறையில் இல்லை. மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கப் போன நாளன்று, ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். வாக்கி மேடையில் நின்றபடி விளக்குக்காரரிடம் உரக்கச் சொன்னார்: "டோர்ஸ் ஆறு மணி. ஞாபகம் இருக்கட்டும். ஆறு."

வாக்கி நகர்ந்ததும் தராசு விளக்குக்காரரிடம் போய் டோர்ஸ் என்றால் என்ன என்று கேட்டார். வாசலைத் திறந்து ஜனங்களை உள்ளே விடுகிற நேரம் என்றார் அவர். ஆக, நிஜ நேரம் ஆறு. மற்றதெல்லாம் மெழுகு.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தார். நிகழ்ச்சி ஆறுக்குத்தான், பன்னிரண்டுக்கே வந்து எதற்குக் காய வேண்டும் என்று அலங்காரப் பெண்ணுக்குச் சொன்னார். அவர் மனமார நன்றி சொன்னார். பாட்டுக் குழுவும் சொன்னது. சம்பந்திக்குச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். உங்களுக்கு ஐந்து என்று சொல்லியிருக்கிறார்களே, அது உண்மை இல்லை. உங்களை ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிடுவார்கள், நம் குடும்பத்துக்குள் இருக்கட்டும் என்று சொன்னேன் என்றார்.

மறுமுனையில் டாக்டர், தன்னை உட்கார வைக்கப் பார்த்தார்களா என்று மெதுவாகக் கேட்டார். நல்லவேளை சொன்னீர்கள் என்றார். ஆறு என்றால் ஆறுக்கு அங்கே இருப்பேன், யார் உட்காருகிறார்கள் பார்க்கலாம் என்றார்.

பல் டாக்டர் ஓரிடத்துக்குச் சொன்ன நேரத்துக்குப் போவதாக அறிவித்தது, அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தராசு அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டார்.

வரவேற்பு அன்று மூன்று மணிக்கு மண்டபத்தில் இருந்தார் தராசு. தனக்குச் சொன்ன நேரமும் பொய்தான் என்று நம்பினாலும், சொன்ன நேரத்துக்குப் போகாமல் இருக்க உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு மணிக்கு வந்து சேர்ந்தார் அலங்காரப் பெண். பாட்டுக் குழுவைக் காணோம். ஐந்தரைக்கு மகள் அறைக் கதவைப் பாதி திறந்து, பாதித் தலைக்குப் பூ வைத்த கோலத்தில் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, யார் யாருக்குப் போன் பண்ணினீங்க?"

"நானா? யாருக்குப் பண்ணினேன்?"

"அப்பா."

"உண்மையைத்தாம்மா சொன்னேன்."

கதவு மூடிக்கொண்டது.

ஆறு அடிக்கும்போது டாக்டரின் கார் வாசலில் நின்றது. இறங்கி வந்தவர் உள்ளே பார்த்தார். நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியபடி இருந்தன. மேடைக்குப் பாதித் துணிதான் கட்டியிருந்தது. விளக்குக்காரர் ஏணி உச்சியில் நின்று ஒரு விளக்கோடு பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் என்று சொல்ல அங்கே இருந்தது ஒரு துடைப்பமும் அதைப் பிடித்திருந்தவரும்.

"சம்பந்தி," என்றார் டாக்டர். "ஆறுன்னு சொன்னீங்க."

அவர் கண் வாசல் பக்கம், டிரைவரைத் தேடிப் போயிற்று. பக்கத்தில் எங்கிருந்தோ வாக்கியின் குரல் கேட்டது. வாக்கி-டாக்கியில் "ஹோல்ட்" என்றார். மேடையில் இருந்தவர்கள் கைகளை அப்படியே நிறுத்தினார்கள். பிறகு தராசின் காதருகே வந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்: "சார், எனக்கு ஏழு மணி வரைக்கும் வேணும். இவரைப் பிடிச்சு வைங்க. உங்களால முடியும்."

எப்படி என்று கேட்பதற்குள் அவர் போய்விட்டார்.

தராசுக்கு நாலு வார்த்தை இதமாகப் பேசத் தெரியாது. வாழ்க்கையில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் செய்தார்.

"சம்பந்தி, எனக்கு இந்த ஆளுங்க மேல ஆரம்பத்திலேருந்தே சந்தேகம். யாரும் வர்றதுக்குள்ள ஒரு திடீர் சோதனை போட்டுடலாம், வர்றீங்களா?"

டாக்டர் வாசலில் நின்ற வண்டியை நினைத்தாரோ என்னவோ, ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கோட்டுப் பொத்தானை அவிழ்த்தார்.

இருவரும் நாற்காலியிலிருந்து தொடங்கினார்கள். கால் ஆடுகிற நாற்காலிகளைத் தனியே பிரித்தார்கள். மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். எதற்கு என்று இருவருக்கும் தெரியாது, ஆனால் இருவருக்கும் திருப்தியாக இருந்தது. கிரீன் ரூமின் மஞ்சள் சுவரைத் தராசு காட்டியபோது டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். இனிப்பு மேசைக்கு வந்ததும் டாக்டருக்கு உற்சாகம் தலைக்கேறியது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்து, இது கடைவாய்க்கு, இது முன்பல்லுக்கு என்று வகை பிரித்தார். இதில் பாதிப் பேர் அடுத்த வாரம் என்னிடம்தான் வருவார்கள் என்றார்.

வந்தால் அவர்களுக்கு எந்த நேரம் கொடுப்பீர்கள் என்று தராசு கேட்டார். வாய் போன போக்கில் கேட்ட கேள்வி.

"ஒன்பது மணி."

"எத்தனை பேருக்கு?"

"எல்லாருக்கும்தான்." டாக்டர் ஒரு இனிப்பை மோந்து பார்த்துவிட்டு வைத்தார். "ஒன்பதுன்னாதான் ஆள் பதினொண்ணுக்காவது வந்து உட்காருவான். நான் சொல்றது எல்லாருக்கும் ஒரே பொய் சம்பந்தி. இந்தம்மா ஆளைப் பார்த்து ஆளுக்கொரு பொய் சொல்லியிருக்கு. அதுக்கு உழைப்பு அதிகம்."

இத்தனை நாள் அந்தக் காத்திருப்பு அறையில் தராசும் ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். சொன்ன நேரத்துக்குப் போன ஒரே ஆள் தான் மட்டும்தான் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஏழு மணிக்குப் பாட்டுக் குழு அசட்டுச் சிரிப்போடு நுழைந்தது. மகள் அறையிலிருந்து முழுத் தலைப் பூவோடு வந்தாள். எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. வாசல் திறந்தது. டாக்டர் மேடையேறும்போது எதிரே வந்த சொந்தக்காரர்களிடம், நாற்காலியில் தைரியமாக உட்காருங்கள், நானும் சம்பந்தியும் பார்த்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே போனார். மகள் அப்பாவைப் பார்த்து முறைக்கப் பார்த்தாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத் தராசு சோதிக்கவில்லை.

கூட்டம் சாப்பிடப் போன சமயம் வாக்கியைத் தனியே பிடித்தார்.

"டோர்ஸ் ஆறுன்னு உங்க வாயாலதானே சொன்னீங்க?"

"அது விளக்குக்காரர் நேரம் சார். ஆறுன்னு சொன்னாத்தான் அவர் ஏழுக்கு ஏணியை விட்டு இறங்குவார். எப்பவும் ஏழுதான்."

"அப்போ எனக்குச் சொன்ன மூணு?"

"அது மட்டும் உண்மை நேரம். நீங்க சொன்ன நேரத்துக்கு வருவீங்கன்னு உங்க பொண்ணு சொன்னாங்க. எல்லாத்தையும் தட்டிப் பார்த்துச் சந்தேகப்பட உங்களுக்கு மூணு மணி நேரம் ஒதுக்கினேன். நீங்க அந்த வேலையை ஆறு மணிக்கு மேல ஆரம்பிச்சீங்க, ஆனா கூட ஒரு ஆளையும் சேர்த்துக்கிட்டீங்க."

அப்படியே காதைத் தொட்டு யாருக்கோ கியூ கொடுத்துவிட்டு நகர்ந்தார். இந்தத் தடவை சிரித்துவிட்டுத்தான் போனார்.

வீடு திரும்பும் வழியில் மனைவி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இனியாவது நிம்மதியாக இருங்கள் என்றார். தராசு வண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அன்று மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் நின்ற நிமிஷத்தை மறுபடி நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குக்காரர் வாக்கிக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார். அவர் காதிலும் ஒயர் வேறு இருந்தது. அப்புறம் அந்தம்மா ஏன் ஆறு மணி என்பதை அவ்வளவு சத்தமாக, அதுவும் இரண்டு தடவை சொன்னார்?

"இங்க பாரு," என்றார் மனைவியிடம். "நான் தூணுக்குப் பின்னாடி நிக்கிறது முன்னாடி இருந்து தெரியுமா?"

மனைவி அவருடைய தொப்பையை ஒரு முறை பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.