இரண்டு நிமிட ஜெபம்

போன வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் இளைஞர் ஒருவர் முதல் முறையாக மனைவியோடு வந்திருந்தார். மெதுவாகப் பக்கத்தில் வந்து காதோடு கேட்டார்.

"சார்... அந்தப் புஷ்பா அக்கா எப்பவுமே இவ்வளவு நேரம் ஜெபம் பண்ணுவாங்களா?"

"இல்ல தம்பி. இன்னிக்கு டயர்டு போல. சீக்கிரம் முடிச்சுட்டாங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஆனால் அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. போன வருஷம் அதே முகத்தை வாரா வாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

இந்தப் பத்தியை ரொம்ப நாளாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் வியாழன்தோறும் மாலை ஏழு மணிக்கு ஒரு சின்ன ஜெபக்கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். இரண்டு பாட்டு, ஒரு வேதபாடம், ஆளுக்கொரு ஜெபம். எட்டு மணிக்கு டீ. நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தவன். எட்டு மணி என்றால் எனக்கு எட்டு மணிதான்.

புஷ்பா அக்காவுக்கு?

பொத்தேரியில் கல்லூரிப் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் அவருக்குச் சமையல் வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். விடியும் முன்பே ரயில் பிடித்துப் போய், சாயங்காலம் தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நேராகக் கூட்டத்துக்கு வருவார். புடவையில் வெங்காய வாசம் அடிக்கும். கடைசி நாற்காலியில் உட்காருவார். எல்லாரும் ஜெபித்து முடித்து, நான் "ஆமென்" சொல்லத் தயாராகும்போது ஆரம்பிப்பார் பாருங்கள்...

"அப்பா, எங்க ஆஸ்டல்ல மூணாவது மாடில ஒரு பொண்ணு ரெண்டு நாளா சாப்புடாம கீதுப்பா. அது மனசுல இன்னா கஷ்டம்னு உனக்குத்தான் தெரியும். நீ போய் பக்கத்துல உக்காருப்பா..."

அங்கிருந்து ஸ்டேஷன் படிக்கட்டில் பூ விற்கும் அம்மாவின் கண் ஆபரேஷன். ஷேர் ஆட்டோ டிரைவரின் குடிப்பழக்கம். எங்கள் எதிர்வீட்டு மாமியின் சர்க்கரை. தண்ணீர் லாரி ஓட்டுகிறவரின் இரண்டாவது பெண்ணுக்கு வரன். இருபது நிமிடம் ஆகும், இருபத்தைந்து ஆகும். ஃபிளாஸ்கில் டீ ஆறிக்கொண்டிருக்கும். நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

ஒருநாள் அந்த ஜெபம் என் மேலேயே வந்து விழுந்தது.

"அப்பா, இந்த வூட்டு சாருக்கு ரொம்ப நல்ல மனசு. கோவம்தான் கொஞ்சம் ஜாஸ்தியா வருது. அத்த மட்டும் எடுத்துப் போட்டுருப்பா."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். என் மனைவி மெர்சி கண்ணை மூடியபடியே தெளிவாக, சத்தமாகச் சொன்னாள் — "ஆமென்."

மறுநாள் காலை முதல் வேலையாக வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டேன். 'அன்பானவர்களே, நேரத்தை முன்னிட்டு, இனி ஜெபிப்பவர்கள் தலா இரண்டு நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளவும்.' ஏழெட்டுக் கட்டைவிரல்கள் வந்தன. யாருக்காகப் போட்ட விதி என்று எல்லாருக்கும் தெரியும். பெயரைக் குறிப்பிடாததால் நாகரிகமாக நடந்துகொண்டோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வியாழன் வேதபாடம் எடுத்தது யார் என்கிறீர்கள்? நான்தான். தலைப்பு, 'அன்றாடக் கிறிஸ்தவ வாழ்க்கையில் சரியான மனப்பான்மை'. நாலு பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். தாழ்மையைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசினேன். நன்றாக இருந்தது என்று சொன்னார்கள்.

பிறகு ஜெபம். புஷ்பா அக்கா முறை வந்தது.

"அப்பா, எல்லாருக்கும் நல்லது செய்யி. ஆமென்."

மணி ஏழு ஐம்பத்தைந்து. டீ சுடச்சுட இருந்தது. புஷ்பா அக்கா குடித்துவிட்டு, "வரேன் சார்" என்று வழக்கம்போலச் சிரித்துவிட்டுத்தான் போனார்.

டம்ளர்களைக் கழுவிக்கொண்டே மெர்சி கேட்டாள். "இப்ப சந்தோஷமா?"

"எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு வேணும்ல மெர்சி?"

அவள் குழாயை இன்னும் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டாள்.

ஒன்றரை மாதம் இப்படியே போனது. கூட்டம் எட்டு மணிக்கு டாணென்று முடிந்தது. அப்புறம் ஒரு காலையில், துணி காயப்போடக் குனிந்த மெர்சியால் நிமிர முடியவில்லை. தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு ஓடினேன். ஸ்கேனில் வயிற்றில் ஒரு கட்டி தெரிந்தது. ஆபரேஷன் செய்து எடுத்துப் பரிசோதித்தால்தான் அது எப்படிப்பட்டது என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். நல்லதா, கெட்டதா? அந்த வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை ஒன்பதரைக்கு மெர்சியை உள்ளே கொண்டுபோனார்கள். துபாயிலிருந்து கிளம்பிய எங்கள் மகள் அப்போது இன்னும் விமானத்தில் இருந்தாள். எங்கள் போதகர் வந்து ஜெபித்தார். அவருக்கு ஓர் அடக்க ஆராதனை இருந்ததால் கிளம்ப வேண்டியதாயிற்று. காத்திருப்போர் கூடத்தில் நான் தனியாக உட்கார்ந்தேன்.

ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். "ஆண்டவரே" என்றேன்.

அதற்கு மேல் வரவில்லை.

நம்புவீர்களா? இத்தனை வருஷம் கூட்டம் நடத்தியவனுக்கு, நாலு பக்கம் குறிப்பு எழுதுகிறவனுக்கு, பெண்டாட்டிக்காக ஒரு வாக்கியம் வரவில்லை. திரும்பத் திரும்ப "ஆண்டவரே" என்றேன்.

யாரோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வெங்காய வாசம்.

"மெர்சிம்மாவ உள்ள இட்டுகினு போய்ட்டாங்களா சார்?"

"ஒன்பதரைக்கே கொண்டுபோய்ட்டாங்கக்கா. நீங்க எப்படி இங்க? வேலை?"

"காலை டிபன் முடிச்சிட்டேன். மத்தியானத்துக்கு வேற ஆள நிக்கச் சொல்லிட்டு ஓடியாந்தேன். நீங்க எதுனா சாப்ட்டீங்களா?"

பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். நாலு இட்லி. என்னால் சாப்பிட முடியவில்லை. "ஜெபம் பண்ணுங்கக்கா" என்றேன்.

புஷ்பா அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"அப்பா, மெர்சிம்மாவ பாத்துக்கோ. டாக்டர் கைக்குத் துணையா இரு. ஆமென்."

அவ்வளவுதான். கண்ணைத் திறந்துவிட்டார். நான் இன்னும் தலையைக் குனிந்தபடியே காத்திருந்தேன்.

"அவ்வளவுதானாக்கா?"

"ரெண்டு நிமிசம்னு சொன்னீங்களே சார்."

குத்திக்காட்டவில்லை. சத்தியமாக அந்தக் குரலில் அப்படி எதுவும் இல்லை. சொன்னதைக் கேட்டு நடக்கிற ஒருவரின் குரல். குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அக்கா... என்னை மன்னிச்சிடுங்க. இன்னிக்கு நிறுத்தாதீங்க."

அவர் மறுபடி முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஆரம்பித்தார்.

டாக்டர், மயக்க மருந்து கொடுக்கிறவர், நர்சுகள், தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் — ஒவ்வொருவருக்காகவும் ஜெபித்தார். மெர்சிக்கு ஊசி என்றால் பயம் என்று ஆண்டவருக்கு நினைவுபடுத்தினார். விமானத்தில் வருகிற மகள் அழுதுகொண்டே வருவாள், அவள் பக்கத்து சீட்டில் ஒரு நல்ல மனுஷி உட்கார வேண்டும் என்று கேட்டார். அப்புறம் இதைச் சொன்னார்.

"மூணு மாசமா வலிய பொறுத்துகினு இருந்துச்சேப்பா. சொன்னா சார் டென்சன் ஆவாருன்னு சொல்லாமயே இருந்துச்சே. என்னாண்ட மட்டும்தான சொல்லிச்சு. டாக்டராண்ட போம்மான்னு நானும் எத்தினியோ தபா சொன்னேன்பா..."

மூன்று மாதம். ஒரே வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியவில்லை. கடைசி நாற்காலியில் உட்காருகிற அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது.

எவ்வளவு நேரம் ஜெபித்தார் என்று கேட்காதீர்கள். கண்ணைத் திறந்தபோது எதிர் வரிசையில் நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஓர் அம்மா கைகூப்பி உட்கார்ந்திருந்தார். "எங்க வீட்டுக்காரரும் உள்ள இருக்காரும்மா" என்றார். புஷ்பா அக்கா உடனே கேட்டார் — "அவுரு பேரு இன்னாம்மா?"

அங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவர் ஜெபம் ஏன் நீளம்? நாள் முழுக்க மனிதர்களிடம் கேட்கிறார். பேர் என்ன, வலி எங்கே, பிள்ளை சாப்பிட்டதா? கேட்டதையெல்லாம் மறக்காமல் கொண்டுவந்து ஆண்டவரிடம் சொல்கிறார். என் ஜெபம் சுருக்கமாக இருந்ததற்குக் காரணம் ஒழுங்கு இல்லை. எனக்கு யாரைப் பற்றியும் எதுவும் தெரியாது.

மெர்சி நல்லபடியாக வெளியே வந்தாள். பத்து நாள் கழித்துப் பரிசோதனை முடிவும் வந்தது — கெட்ட கட்டி இல்லை. டாக்டரின் அறையைவிட்டு வெளியே வந்ததும் நானும் மெர்சியும் மகளும் காரிடாரில் நின்று அழுதோம். என் மகள் முதலில் போன் செய்தது புஷ்பா அக்காவுக்கு.

வீட்டுக்கு வந்து மெர்சியிடம் கேட்டேன். "ஏன்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்க. அது எனக்குத் தெரியும். ஆனா போற வழியெல்லாம் கத்திக்கிட்டே வருவீங்க. அதுவும் தெரியும்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் அன்றோடு போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. இப்போதெல்லாம் அது வரும்போது எனக்கே தெரிகிறது. அதற்கே நான் நன்றி சொல்கிறேன்.

மெர்சி எழுந்து உட்கார ஆரம்பித்த பிறகு வந்த முதல் வியாழக்கிழமை, எல்லார் முன்பும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நிமிட விதி ரத்து என்றேன். புஷ்பா அக்காவுக்குத்தான் கூச்சம் தாங்கவில்லை.

"இன்னா சார் நீங்க... உக்காருங்க முதல்ல."

அன்று நன்றி ஜெபம் நீண்டுகொண்டே போனது. முடியும் நேரத்தில் மெர்சி கேட்டாள். "அக்கா, ஊருக்கெல்லாம் நீங்க ஜெபிக்கிறீங்க. உங்களுக்காக நாங்க என்ன ஜெபிக்கணும்?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. அவர் குனிந்து முழங்காலைத் தடவினார்.

"பெருசா ஒண்ணுமில்ல மெர்சிம்மா. முட்டிதான் வலிக்குது. படி ஏற சொல்லோ உயிரு போவுது."

நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நாள் முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு, ஏழு வருஷமாக, வாரா வாரம் முப்பத்தெட்டுப் படி.

எல்லாருமாக எழுந்து அவரைச் சுற்றி நின்று ஜெபித்தோம். நான்தான் ஜெபத்தை நடத்தினேன். அவர் முழங்காலுக்காக, அவர் வேலைக்காக, அவர் ரயில் பயணத்துக்காக, நான் அறிந்த எல்லாவற்றுக்காகவும் மனமுருகிக் கேட்டேன். "ஆமென்" சொல்லிக் கண்ணைத் திறந்தால், மெர்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு எதுக்குங்க ஆண்டவரைத் தொந்தரவு பண்றீங்க? அடுத்த வாரத்துலேருந்து கூட்டத்தைக் கீழ கார் பார்க்கிங்ல வைங்க."

அன்றிலிருந்து கூட்டம் கீழேதான் நடக்கிறது. புஷ்பா அக்காவை மெர்சியே எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போய்வந்தாள். எதிர்வீட்டு மாமி வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டுக் கேட்கிறார். வாட்ச்மேன் பாட்டுக்குத் தாளம் போடுகிறார்.

கொசு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி... கொசுவத்தி ஏற்றுவது இந்தச் சூப்பர்வைசரின் பொறுப்பு.