செட்டு மாத்திரை

காலை பத்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது அந்தப் பெண்ணின் வெள்ளைக் கோட்டில் செருகியிருந்த பேனா. அதில் ஒரு மருந்துக் கம்பெனியின் பெயர் அச்சாகியிருந்தது.

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அய்யாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இடது காலில் ரத்தம் கட்டியிருந்தது. அந்த ரத்தக்கட்டி நெஞ்சுக்கு ஏறினால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி, ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் ஊசி எழுதியிருந்தார். நர்ஸ் ஊசியோடு வந்தபோதுதான் இந்தப் பெண் குறுக்கே வந்து, கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். தான் கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்றும், எழுதிய மருந்து நோயாளிக்கு ஒத்துவருமா என்று பார்ப்பது தன் வேலை என்றும் சொன்னார்.

மருந்துக் கம்பெனிகள் கொடுக்கும் கமிஷன் பற்றிப் பத்திரிகையில் செய்தி எழுதியவன் நான். விலை கூடிய ஊசிக்கு மாற்றப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். டாக்டர் எழுதியதை நிறுத்த நீங்கள் யார் என்று கேட்டேன். அவர் அய்யாவிடம் திரும்பி, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று விசாரித்தார். டாக்டரிடம் சொன்னதையே அய்யா சொன்னார்: ஒன்றும் கிடையாது.

போய்விடுவார் என்று பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மொளகாய்க்குத் தண்ணி பாய்ச்சிட்டு வந்தா மேலு வலிக்குமேய்யா, என்ன செய்வீக?"

"செட்டு வாங்கிப் போடுவேன்."

"தெனமுமா?"

"போடாம எப்புடித் தாயி மம்பட்டியத் தூக்குறது? அதெல்லாம் மாத்திரைக் கணக்குல வராது."

எங்கள் ஊர்ப்பக்கம் உச்சிப்புளி மருந்துக்கடையில், வலி என்றால் நாலைந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். அதுதான் செட்டு. எங்கள் ஊரில் யாரும் அதை மருந்து என்று டாக்டரிடம் சொல்வதில்லை.

அய்யாவின் வேட்டி மடிப்பில் ஒரு பொட்டலம் இருந்தது. பார்மசிஸ்ட் பிரித்துப் பார்த்தார். வலி மாத்திரை தினமும் போட்டால் வயிறு புண்ணாகும், அதன்மேல் இந்த ஊசியும் சேர்ந்தால் ரத்தம் நிற்காது என்றார். ரத்தம் குறைந்து வெளுத்திருக்கிறதா என்று அய்யாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார். நர்ஸ் ஊசியைத் திரும்ப எடுத்துப் போனார்.

கட்டி நெஞ்சுக்கு ஏறினால் யார் பொறுப்பு என்று கேட்டேன். டாக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்றார். நம்பிக்கை வரவில்லை. வராந்தாவுக்குப் போய் உச்சிப்புளி மருந்துக்கடைக்குப் போனில் பேசினேன். சத்து மாத்திரை மட்டும்தான் கொடுத்ததாகச் சொல்லி, கடைக்காரர் போனை வைத்துவிட்டார்.

மாலையில் அய்யாவின் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண் இருந்தது. அதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.