கண்ணாடிக்காரரின் கேள்விப் பெட்டி

"அவசரமே இல்ல. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. தப்பான பதில்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

சொல்லிவிட்டுத் தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு காத்திருக்கிறார் கண்ணாடிக்காரர். இந்த வாக்கியத்தை நாளைக்கு முப்பது தடவையாவது அவர் சொல்லியாக வேண்டும். வாரத்தில் ஆறு நாளும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், அரையிருட்டில், கனத்த வட்ட ஃபிரேமை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம் சொல்கிறார். சனிக்கிழமை மட்டும் கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்து, வீட்டு முன்னறையில் கூடும் சர்ச் ஜெபக் குழுவிடம் சொல்கிறார். கடையில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இது தெளிவா, இல்ல இது தெளிவா?" வீட்டில் அறுபத்து நான்கு கேள்விகள்.

அந்தக் கேள்விகள் ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கின்றன. கண் பரிசோதிக்கும் லென்ஸ்களை வரிசையாகச் செருகி வைக்கிற பெட்டி. கீல் உடைந்துபோனதால் கடையில் தூக்கிப் போட இருந்ததைக் கேட்டு வாங்கி வந்துவிட்டார். லென்ஸ் இருந்த பள்ளங்களில் இப்போது அட்டைகள் நிற்கின்றன. முதல் வரிசையில் லேசான கேள்விகள்: மழை பிடிக்குமா, வெயில் பிடிக்குமா? சின்ன வயதில் உங்களுக்கு என்ன பட்டப்பெயர்? போகப் போகக் கனம் கூடும். நான்காம் வரிசைக்குப் போனால் யாரை மன்னிக்க முடியவில்லை, எதை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்கிற மாதிரி. புதிதாக யாராவது வந்தால் நான்காம் வரிசையைக் கையால் மறைத்துக்கொள்வார். "ஒரேயடியா பவர் ஏத்தினா தலை சுத்திரும் பிரதர். ரெண்டாவது வரிசையோட இன்னிக்கு நிறுத்திக்கலாம்."

பெட்டி வருவதற்கு முன்னால் அந்தக் குழு மற்ற குழுக்களைப் போலத்தான் இருந்தது. பாட்டு, வேத வாசிப்பு, பிறகு ஆளுக்கொரு சாட்சி. எல்லோருக்கும் சாட்சி ஒன்றுதான்: போன வாரம் முழுக்கப் பாதுகாத்தார், ஸ்தோத்திரம். ஓய்வுபெற்ற டீச்சரம்மா மட்டும் தன் முழங்காலுக்காக ஜெபிக்கச் சொல்வார். பிஸ்கட், டீ, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மூன்று வருஷம் ஒன்றாக உட்கார்ந்தும், டீச்சரம்மாவின் முழங்காலைத் தவிர வேறு எதைப் பற்றியும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கண்ணாடிக்காரருக்கு இது பொறுக்கவில்லை. "ஐக்கியம் ஐக்கியம்கிறோம். பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்க இதைவிட அதிகமா பேசிக்கிறாங்க" என்றார் மனைவியிடம். ஒரு சபை முகாமில் கேள்வி அட்டைகளை வைத்து விளையாடியதைப் பார்த்துவிட்டு வந்தவர், அந்த வாரமே கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

விளையாட்டுக்குச் சட்டதிட்டம் உண்டு. ஒருவர் பதில் சொல்லும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது. அறிவுரை கூடாது, வசனம் எடுத்துவிடவும் கூடாது. சொல்லி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து "நன்றி" என்று மட்டும் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லியே பழகிய டீச்சரம்மா முதல் மாதம் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

அவரால்தான் 'ரெண்டு உண்மை, ஒரு பொய்' விளையாட்டுக்கும் ஆபத்து வந்தது. தன்னைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வேண்டும், அதில் எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். டீச்சரம்மா மூன்றையும் உண்மையாகச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "ஜெபக் கூட்டத்துல உக்காந்து பொய் சொல்ல என்னால ஆகாது." வழக்கு பாஸ்டர் வரைக்கும் போனது. பாஸ்டர் இரண்டு நாள் யோசித்து, பொய் என்பதைக் 'கற்பனை' என்று மாற்றிக்கொள்ளச் சொல்லித் தீர்ப்பளித்தார். அதற்குப் பிறகு டீச்சரம்மா சொன்ன கற்பனைகளை யாராலும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

கண்ணாடிக்காரரின் திறமையே காத்திருப்பதில்தான். ஒருவர் பதில் சொல்லி முடித்த பிறகும் தலையைச் சாய்த்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார். அரை நிமிஷம் ஆகும், ஒரு நிமிஷம் ஆகும். "ம்... இன்னும் கொஞ்சம் உள்ள போங்க" என்பார். சொன்னவர் நெளிவார், உள்ளே போவார், ஏதாவது ஒரு துக்கத்தோடு திரும்பி வருவார். அப்போதுதான் கண்ணாடிக்காரரின் தலை நேராகும். லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தர் குழுவில் இருக்கிறார். 'வாழ்க்கையை ஒரு கட்டடம்னு வெச்சுக்கிட்டா நீங்க எந்த மாடியில இருக்கீங்க?' என்ற கேள்விக்கு, "எனக்கு எல்லா மாடியும் ஒண்ணுதாங்க, எது நின்னாலும் கூப்பிடுவாங்க" என்று சொன்ன மனிதர். அவரே ஒரு சனிக்கிழமை அப்பாவைப் பற்றிப் பேசும்போது கண்ணீர் விட்டுவிட்டார். அந்தக் கண்ணீரைக் கண்ணாடிக்காரர் பாஸ்டரிடம் சொன்னார், கடை முதலாளியிடம் சொன்னார், கண் டெஸ்டுக்கு வந்த இரண்டு பேரிடமும் சொன்னார்.

அவர் மட்டும் அட்டை எடுப்பதில்லை. கேட்டால் பதில் தயாராக இருக்கும். "டெஸ்ட் பண்றவன் சார்ட்டைப் படிக்கக் கூடாதுங்க."

இத்தனை பேரைப் பேச வைத்தவர், தன் சகலையோடு இரண்டு வருஷமாகப் பேசவில்லை என்பதுதான் விசேஷம். சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். தையல்கடை வைத்திருக்கிறார், கோட்டு தைப்பதில் பெயர் எடுத்தவர். சனிக்கிழமை தவறாமல் மனைவியோடு வந்து வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்காருவார். நடந்தது இவ்வளவுதான்: கண்ணாடிக்காரர் தானே டெஸ்ட் பண்ணி, தானே ஃபிரேம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கண்ணாடியை ஐந்து மாசம் போட்டிருந்த மனிதர், ஒரு சனிக்கிழமை வேறு கடைக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். காரணமும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரரும் கேட்கவில்லை. இருபத்தேழு வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவனுடைய சொந்த சகலை எதிர்த்த தெருக் கடையில் கண்ணாடி வாங்கினால் ஊர் என்ன நினைக்கும்?

அன்றிலிருந்து "என்ன சகலை" போய் "பிரதர்" வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிரதர் என்று அழைப்பதைக் கேட்ட பாஸ்டர், குடும்ப உறவு ஆவிக்குரிய உறவாக வளர்ந்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டார். மற்ற பேச்செல்லாம் அக்கா தங்கை வழியாகத்தான். "டீ இன்னொரு வாய் வேணுமான்னு கேளு." "போதுமாம்னு சொல்லு." மூன்றடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு.

இப்போது சகலை ஊரைவிட்டே போகிறார். மகள் இருக்கிற ஊரிலேயே கடை பார்த்தாயிற்று, வருகிற புதன்கிழமை சாமான் ஏற்றுகிறார்கள். கண்ணாடிக்காரரின் மனைவி போன வாரம் முழுக்க ஒரே பேச்சுத்தான் பேசினாள்.

"ஏங்க, அவங்க போறதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிடுங்க. அப்புறம் என் தங்கச்சி வீட்டு வாசலை நான் தனியா மிதிக்கிற மாதிரி வெச்சிடாதீங்க."

"வயசுல மூத்தவன் நான். அவர்தான் முதல்ல பேசணும்."

"ஊரையெல்லாம் பேச வைக்கிறீங்களே."

"அதுக்குத்தான் பெட்டி இருக்கே" என்றார் அவர்.

சும்மா சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதிதாக ஓர் அட்டை எழுதினார்: 'இந்த அறையில் நீங்கள் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? எதற்கு?' யார் எந்த நாற்காலியில் உட்காருவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். புதுசாகக் கல்யாணமான ஜோடி, டீச்சரம்மா, மெக்கானிக், பிறகு வாசலோரம் சகலை. அட்டைகளை வரிசைப்படிதான் எடுப்பார்கள் என்பதால், ஐந்தாவது பள்ளத்தில் அட்டையைச் செருகினார். ஐக்கியத்துக்காகச் செய்கிற காரியம், இதில் தப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கற்பனை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை எல்லாம் அவர் போட்ட கணக்குப்படியே நடந்தது. புதுப் பெண்ணுக்கு வேலை பயம், புது மாப்பிள்ளைக்கு மாமனார் பயம். டீச்சரம்மா தனக்குப் பிடித்த சத்தமாகப் பள்ளிக்கூட மணிச்சத்தத்தைச் சொன்னார். மெக்கானிக் மழையா வெயிலா என்பதற்கு லிஃப்டுக்குள் இரண்டும் தெரியாது என்றார். பெட்டி வாசல் பக்கம் போனது. சகலை அட்டையை எடுத்தார், படித்தார், மூக்கின் மேல் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"அவசரமே இல்ல பிரதர்" என்றார் கண்ணாடிக்காரர். குரல் கொஞ்சம் பிசிறியது.

"யோசிக்க வேண்டியதே இல்ல. எங்க சகலைகிட்டதான் கேக்கணும்."

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் தலையைச் சாய்த்தார். இரண்டு வருஷமாகக் காத்திருந்தது வந்துவிட்டது.

"அன்னிக்கு நீங்க எனக்கு கண்ணு டெஸ்ட் பண்ணீங்கல்ல சகலை. இது தெளிவா அது தெளிவான்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. ஒண்ணுதான்னு சொன்னேன். நீங்க தலையைச் சாய்ச்சுக்கிட்டு, இன்னும் நல்லா பாருங்கன்னீங்க. சரி, ஏதோ எதிர்பாக்குறீங்கன்னு நானே முதல்ல இது, அப்புறம் அதுன்னு மாத்தி மாத்திச் சொன்னேன். உங்க முகம் மலர்ந்துச்சு. பவர் தப்பாப் போச்சு."

சகலை அட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அஞ்சு மாசம் தலைவலி. ரெண்டு கோட்டுத் துணியைத் தப்பா வெட்டிட்டேன், கத்தரி சரியில்லைன்னு வீட்டுல சொன்னேன். உங்ககிட்ட வந்து சொன்னா உங்க தொழிலைக் குத்தம் சொன்ன மாதிரி ஆகிடும். அதான் சத்தமில்லாம வேற கடைக்குப் போயிட்டேன். தப்பான பதில்னு ஒண்ணு கிடையாதுன்னீங்க. நான் சொன்னதெல்லாம் தப்பான பதில்தான் சகலை. உங்ககிட்ட பொய் சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க."

கண்ணாடிக்காரருக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. டெஸ்டில் ஒன்றுபோலத் தெரிந்தால் அதுவும் ஒரு பதில்தான், முதலில் சொன்னதிலேயே நின்றிருக்க வேண்டியதுதானே. தலைவலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் லென்ஸை மாற்றியிருப்பேனே. வாய் திறந்தது. ஆனால் பதில் சொன்னவருக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். டீச்சரம்மா வேறு கண்ணாலேயே அதை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்.

"நன்றி" என்றார்கள் எல்லோரும். கடைசியாக, தனியாக, அவரும் சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "இப்ப இதைச் சொல்லலாமா தெரியல. அன்னிக்கு எங்கப்பா பத்தி பேசும்போது நான் அழுதேன்ல? பிஸ்கட் தொண்டையில சிக்கிடுச்சுங்க. நீங்க அவ்வளவு சந்தோஷமா பாத்தீங்க, அப்புறம் எப்படிச் சொல்றது?"

புதுப் பெண் குனிந்துகொண்டு, தனக்கு வேலையைப் பற்றிப் பயமே இல்லை, சும்மா ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னதாக ஒப்புக்கொண்டாள். மாப்பிள்ளை தன் மாமனார் பயம் மட்டும் நிஜம் என்றான். டீச்சரம்மா சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார். அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அந்த முன்னறையில் அத்தனை பேர் ஒன்றாகச் சிரித்து யாரும் கேட்டதில்லை.

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. அறுபத்து நான்கு கேள்வி எழுதி, ஒருத்தரும் தன்னிடம் உண்மை சொல்ல முடியாதபடி ஆக்கிவைத்திருக்கிறோமே என்று நினைத்தார். அவமானமாக இருந்தது. மனைவி சமையலறையிலிருந்து டீத் தட்டோடு வந்தவள், அவர் கையில்தான் முதல் கோப்பையைக் கொடுத்தாள். இன்னொரு கோப்பையையும் அவரிடமே நீட்டி, வாசல் நாற்காலியைக் கண்ணால் காட்டினாள்.

இரண்டு கோப்பையோடு போனார். சகலை எழுந்து நின்றார். கோப்பைகளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கேட்காமல் கொள்ளாமல், சகலையின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். சகலை கண்ணைச் சுருக்கிக்கொண்டு அப்படியே நின்றார். கண்ணாடிக்காரர் அதைக் கைநீட்டிப் பிடித்து, டியூப்லைட்டைப் பார்த்து மெல்ல இடதும் வலதுமாக ஆட்டினார். லென்ஸுக்குள் விளக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தார்; கருவி இல்லாமல் பவரைக் கணிக்கிற வழி அது. ஒரு கண், பிறகு அடுத்த கண். வெகுநேரம் பார்த்தார்.

"பவர் சரியாப் போட்டிருக்கான்" என்றார்.

ஃபிரேமின் இடது கை மட்டும் சற்றே விரிந்து கோணியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தி அதை நேராக்கினார். சட்டை நுனியை எடுத்து இரண்டு லென்ஸையும் துடைத்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு காதாக, சகலைக்கு மாட்டிவிட்டார்.