குதிரைக்குப் பின்னால் ஒரு சைக்கிள்

குதிரையின் மேல் என் கணவர் உட்கார்ந்திருக்கிறார். குதிரை நிற்கிறது. இருவரும் அசையவில்லை. அலுவலகத்துக்குப் போடும் வெள்ளை முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை, வெயிலுக்காக என் அப்பாவின் பழைய தொப்பி. முகத்தில் மட்டும், புகைப்படக்காரர் முன்னால் உட்கார்ந்தவரின் பொறுமை. சேலையூர் ஏரிக்கரையில் ஒரு மே மாதக் காலை அது. ஆண்டு 1968, அந்த ஜூனில்தான் எங்கள் பெரியவளை முதல் வகுப்பில் சேர்த்தோம் என்பதால் இதில் எனக்குக் குழப்பமில்லை. நாள்தான் நினைவில்லை. குறித்து வைத்திருக்கலாம். அன்று சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

முப்பத்து மூன்று வயதுக்காரர் ஒருவர் எதற்காகத் திடீரென்று குதிரையேறினார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வருவாய்த் துறையில் எழுத்தராக ஒன்பது ஆண்டு உட்கார்ந்திருந்தவர், தேர்வு எழுதி அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். பயிற்சிக் காலம் முடிவதற்குள் குதிரையேற்றத்திலும் தேற வேண்டும் என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து யாரும் எடுக்க மறந்துபோன ஒரு விதி. இரண்டு வாய்ப்புகள் உண்டு. இரண்டிலும் தவறினால் பதவி நிரந்தரமாகாது. பழைய எழுத்தர் மேசைக்கே திரும்ப வேண்டும். ஊரே இவரை டெபுடி கலெக்டர் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. என் மாமியார் போதகரிடம் சொல்லிவைத்ததில், தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக ஞாயிறு ஆராதனையில் ஏறெடுக்கும் ஜெபத்தில் இவர் பெயரும் சேர்ந்துவிட்டது. குதிரை என்ற சொல் ஜெபத்தில் வந்தபோது பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

குதிரைக்கு எங்கே போவது? தாம்பரம் ரயில் நிலையத்து வாசலில் ஜட்கா ஓட்டிய பாய் ஒருவர் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம். காலைச் சவாரி தொடங்கும்வரை தன் குதிரை மோத்தியைக் கொடுக்க அவர் ஒத்துக்கொண்டார். சொல்லிக்கொடுக்கவும் முடியுமா என்று இவர் கேட்டதற்கு பாய் சிரித்துவிட்டார்.

"இன்னா சார் நீங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து குதிரைக்குப் பின்னால குந்திகினுதான் ஓட்றோம். மேல ஏறி யாருக்குத் தெரியும்?"

ஆக, ஏறத் தெரியாத ஒருவர், ஏற்றத் தெரியாத ஒருவர், யாரையும் சுமந்து பழகாத ஒரு குதிரை. இவர் நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றுதான் எங்களுக்கு வாத்தியார். அதில் உள்ள படத்தைப் பார்த்துப் பார்த்து நானும் பாயும் இவருடைய முழங்காலைத் திருப்பி வைத்தோம். கண்பட்டையைக் கழற்றியதும் மோத்தி தலையைத் திருப்பி, தன் முதுகில் இருப்பது யார் என்று நிதானமாகப் பார்த்தது. பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டு, நான் தொடக்கத்தில் சொன்னேனே, அப்படி நின்றுவிட்டது.

குதிகாலால் தொட்டார். கடிவாளத்தைத் தளர்த்தினார். பாய் நாக்கைச் சொடுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது கேம்ப் ரோட்டில் வேறொரு ஜட்கா போயிற்று. வழிவிடச் சொல்வதற்காக ஜட்காக்காரர்கள் சாட்டைக் காம்பைச் சக்கரத்தின் ஆரக்கால்களில் கொடுத்துத் தடதடவென்று ஒலி எழுப்புவது அந்நாள் வழக்கம். அந்தச் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், மோத்தி கிளம்பிவிட்டது. இவர் தொப்பியைப் பிடிப்பதா பிடரியைப் பிடிப்பதா என்று யோசித்து, தொப்பியைப் பிடித்தார். வற்றிய ஏரியின் புழுதி மெத்தையாக இருந்ததால் அடியேதும் படவில்லை.

எழுந்து புழுதியைத் தட்டும்போதே இவருக்கு யோசனை வந்துவிட்டது. அன்று மாலை என்னுடைய சைக்கிளின் பின்சக்கரத்தருகே ஒரு மூங்கில் பட்டையைக் கட்டினார். கயிற்றை இழுத்தால் பட்டை சக்கரக் கம்பிகளில் பட்டுத் தடதடக்கும், விட்டால் விலகிக்கொள்ளும். மறுநாளிலிருந்து இவர் குதிரைமேல் முன்னால், நான் சைக்கிளில் பின்னால். நான் பள்ளி ஆசிரியை, விடுமுறை என்பதால் எனக்கும் வேலையில்லை. இவர் குதிகாலால் தொடுவார், அதே நேரம் நான் கயிற்றை இழுப்பேன், மோத்தி ஓடும். நான் கயிற்றை விட்டால் நிற்கும். ஜூன் பிறப்பதற்குள் இவருடைய முதுகு புத்தகத்துப் படத்தைப்போல நிமிர்ந்துவிட்டது. அதைப் பார்த்து நாங்கள் மூவரும் பெருமைப்பட்டோம்.

தேர்வு நகரத்தில் ஒரு மைதானத்தில் நடந்தது. நானும் போயிருந்தேன். கறுப்புக் குதிரை ஒன்றைக் கொடுத்தார்கள். அழகாக ஏறினார், அழகாக உட்கார்ந்தார், குதிகாலால் தொட்டார். குதிரை புல்லைப் பார்த்தது. மறுபடி தொட்டார். அது காதை மட்டும் அசைத்தது. தேர்வு நடத்திய ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி நெடுநேரம் பொறுத்திருந்துவிட்டு, ஆங்கிலத்தில் மிக மரியாதையாகச் சொன்னார்: தீவுத்திடலில் ஏற்கெனவே ஒரு துரை சிலையாகக் குதிரைமேல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவருக்கு இப்போது அவசியமில்லை.

திரும்பும் ரயிலில் பல்லாவரம் தாண்டியதும் இவர் என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்:

"நாளையிலேர்ந்து நீ வராத."

"ஏன், நான் என்ன பண்ணேன்?"

"நல்லாத்தான் பண்ண. இவ்வளவு நாளா குதிரைய ஓட்டுனது நீ. நான் சும்மா மேல உக்காந்திருந்தேன்."

எனக்குச் சுருக்கென்றிருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. யோசித்துப் பார்த்தால், இவர் எதையும் கிளப்பிப் பழகாத மனிதர். கடையில் கடைக்காரர் தாமாகப் பார்க்கும்வரை நிற்பார். பேருந்தில் இறங்க வேண்டும் என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வருவார். அலுவலகத்தில் மேலிருந்து உத்தரவு வந்தால் கோப்பு நகரும், வராவிட்டால் கிடக்கும். அப்படியே ஒன்பது ஆண்டு. குதிரையைக் குதிகாலால் தொட்டதும், நோயாளி தூங்கும் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோலத்தான். தொந்தரவு செய்கிறோமே என்று மோத்தியிடம் மன்னிப்புக் கேட்டிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

பள்ளியும் திறந்துவிட்டது. இவர் தனியாகப் போனார். குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து நடத்திக்கொண்டு தனியாகத் திரும்பினார். எதிர்வீட்டு ரயில்வே சார் தினமும் பல் துலக்கும் நேரம் அது.

"என்ன சார், குதிரைக்கு வாக்கிங்கா?"

"ஆமா சார், டாக்டர் சொல்லியிருக்காரு" என்று இவரும் சளைக்காமல் பதில் சொல்லிவிட்டு உள்ளே வருவார். வந்து சாப்பாட்டு மேசையில் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்காருவதை ரயில்வே சார் பார்த்ததில்லை.

ஜூலை கடைசியில் ஒருநாள், நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பாய் மூச்சிரைக்க வாசலுக்கு வந்தார்.

"டீச்சரம்மா, சாரு மோத்தி மேல மாடம்பாக்கம் ரோட்டுல போய்க்கினே கீறாரு. கூவுனேன், திரும்பல. சவாரி நேரம் வந்துடுச்சு, அவருக்கு நிறுத்தத் தெரியுமா தெரியாதா?"

எனக்கும் தெரியவில்லை. இருவரும் தெருமுனையில் நின்றோம். பாய்க்குக் குதிரையைப் பற்றிக் கவலை, எனக்கு என்னுடையதைப் பற்றி. வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தார்கள். மோத்தி எங்கள் முன்னால் வந்து, இவர் கடிவாளத்தை லேசாக இழுத்ததும் நின்றது. எப்படிக் கிளம்பியது என்று பாய் துருவித் துருவிக் கேட்டார். இவர் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிற்பாடு இவர் வேலை பார்த்த மாவட்டங்களிலெல்லாம் ஜீப்தான் கொடுத்தார்கள். குதிரையில் ஏறும் அவசியம் ஒருநாளும் வரவில்லை. அந்த விதியும் எப்போதோ போய்விட்டது. ஏரிக்கரையில் இன்று வரிசையாக வீடுகள். கேம்ப் ரோட்டைக் கடக்க நான் நிற்கும் நேரத்தில் ஓர் அத்தியாயம் படித்துவிடலாம். ஒரு மனிதர் தாமாகக் கிளம்பக் கற்றுக்கொண்ட இடம் இது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இரண்டாம் தேர்வு ஆகஸ்டில். நான் போகவில்லை, வர வேண்டாம் என்பதை ரயிலிலேயே சொல்லியிருந்தாரே. மாலையில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடையை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்போதும் ஒரே நடை. உள்ளே வந்து, உட்கார்ந்து, காலணியின் கயிற்றை அவிழ்த்தார்.

"அதே கறுப்புக் குதிரையத்தான் குடுத்தாங்க."

"அப்புறம்?"

"போலாம்னேன். போச்சு."

"சரி, பாஸா ஃபெயிலா, அதச் சொல்லுங்க."

பாடத்தைக் கவனிக்காத மாணவியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"போச்சுன்னு சொல்றேனே."

மாமியார் உள்ளே கர்த்தருக்கு நன்றி சொல்ல முழந்தாளிட்டுவிட்டார். நான் காபி கொண்டுவந்து வைத்தேன். குடித்து முடித்தார். பிறகு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் ஒருமுறைகூடக் கேட்டிராத குரலில், தெருவுக்கே கேட்கும்படி, இன்னொரு காபி வேண்டும் என்றார்.